வெட்டுப்பட்ட ஓரம்

துப்பறிபவரைத் தேடி வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. மை ஏறிய விரல்களால் ஒரு சுவரொட்டியை மேசைமேல் போட்டு அறைந்தாள். 'வினாத்தாள் திருடி. வேலையிலிருந்து நீக்கம்' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அச்சகத்து வாசலில் ஒட்டியதை அப்படியே கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாள், மகராசி!

“பரீட்சைத் தாள் வெளியே போயிடுச்சு சார். நான் அங்க அச்சு மெஷின் ஓட்டுறவ. அதுல ஒண்ணு என் சாப்பாட்டுப் பையில இருந்துச்சாம். மன்னிப்பு எழுதிக் குடுத்தா போலீசுக்குப் போக மாட்டாங்களாம். எழுத மாட்டேன். செய்யாத தப்புக்கு எதுக்கு எழுதணும்?”

துப்பறிபவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். கூடவே திரியும் மைத்துனனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

“கைரேகை எடுத்துடலாமா மாமா?”

“முதல்ல இடத்தைப் பாப்போம், வா.”

அச்சகத்தில் முதலாளி உம்மென்று நின்றார். நிர்வாகம் பார்க்கும் அவர் மருமகன், பையில் கிடைத்த ஒற்றைத் தாளை நீட்டினான். துப்பறிபவர் அதன் ஓரத்தை விரலால் வருடினார்.

“இங்கே சின்னதா ஒரு கீறல் இருக்கே?”

“கட்டிங் மெஷின் பிளேடு ஓரத்துல கொஞ்சம் உடைஞ்சிருக்கு சார்,” என்றாள் அவள். “வெட்டுற தாளிலெல்லாம் இந்தக் கீறல் விழும். மாத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்தியாச்சு. யாரு காதுல போட்டுக்கறா?”

“கட்டிங் ரூம்ல யார் இருப்பாங்க?”

“பரீட்சைத் தாள்னா நான் மட்டும்தான்,” என்று மருமகன் நெஞ்சை நிமிர்த்தினான். “வெட்டி, கட்டி, பூட்டுறது எல்லாம் நான். சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. அப்போ இந்தம்மா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல.”

“அப்போ இவங்க கைக்கு வந்ததெல்லாம் வெட்டாத பெரிய தாள். ஒவ்வொண்ணுலயும் எட்டுப் பக்கம். திருடியிருந்தா அதை மடிச்சு வெச்சிருப்பாங்க. இது உங்க பிளேடு வெட்டின ஒத்தைத் தாள். பூட்டின ரூம்ல இருந்து இவங்க பைக்கு எப்படித் தம்பி வந்துச்சு?”

“அட!” என்று மைத்துனன் வாயைப் பிளந்தான். மருமகனுக்கு முகம் வெளுத்தது. தான் வெளியே விற்ற தாளுக்குப் பழிபோட ஓர் ஆள் வேண்டியிருந்தது என்று இழுத்து இழுத்துச் சொன்னான்.

முதலாளி தொண்டையைச் செருமினார். “நடந்தது நடந்துபோச்சும்மா. நாளையிலிருந்து வேலைக்கு வந்துடு.”

“வரேன். ஆனா வாசல்ல இன்னொண்ணு ஒட்டணும். திருடினது யாருன்னு, இதே கொட்டை எழுத்துல.”

“குடும்ப மானம் போயிடும்மா...”

“என் மானம் மட்டும் என்ன, கழிவுத் தாளா?”

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றாள்.

“தாளை எடுங்க. நானே அடிக்கிறேன்.”