இலைக்கு அடியில் ஒரு கறுப்புக் கால்

மாடி அத்தை மருந்துத் தெளிப்பானைக் கையில் எடுத்துவிட்டார். மொட்டை மாடித் தொட்டியில் இருந்த அவருடைய மிளகாய்ச் செடியில் ஓர் இலைக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. கொழுந்தில் வேறு பச்சைப் பூச்சிகள் மொய்த்தன.

“அடிக்காதீங்க அத்தை. மஞ்சளா இருக்கறது பொறிவண்டு முட்டை” என்றாள் கீழ்வீட்டு நண்டு. நேராக நடக்காமல் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் வந்த பெயர் அது.

போன வாரம் அதே இலையில் சிவப்புப் பொறிவண்டு ஒன்றை அவள் பார்த்திருந்தாள். அதன் குட்டிகள் பச்சைப் பூச்சிகளை வயிறு முட்டத் தின்னும் என்றும் சொன்னாள். அத்தை நம்பவில்லை.

“துணி காயப்போட்டு முடிக்கிற வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள காட்டு, பார்க்கலாம்.”

நண்டு கீழே ஓடினாள். அவளுடைய அக்காவுக்கு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. ஃபிலிமிலிருந்து பெரிய படம் போடும் பழைய கருவி ஒன்று அங்கே சும்மா கிடந்தது. அதன் லென்ஸைக் கேட்டு வாங்கி, கறுப்பு அட்டைக் குழாயில் செருகி, தன் கேமராவில் மாட்டியிருந்தாள் அக்கா. பொடிப் பொருளையும் பூதமாகக் காட்டுமாம்.

“எடுத்துக்கோ. கீழ போட்டே, உன்னையும் ஆல்பத்துல ஒட்டிடுவேன்” என்றாள் அக்கா.

மறுபடி மாடிக்கு ஓடிவந்து, இலையைத் திருப்பி, கேமராவை நீட்டினால் வெறும் மஞ்சள் மூட்டம். லென்ஸில் இருந்த ஒரே வளையத்தைத் திருகினாள். படம் தெளியவில்லை, இருட்டியது. இன்னும் திருகினாள். கும்மிருட்டு. இதற்குள் துணிக்கொடியில் பாதி நிரம்பிவிட்டது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் போலிருக்கிறது; அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். லென்ஸ் நகராவிட்டால் என்ன, நாம் நகரலாமே? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவோடு மெல்ல முன்னால் சாய்ந்தாள். இன்னும் ஒரு நூலளவு. சட்டென்று மூட்டம் விலகியது.

குட்டிக் குட்டி பல்புகள் போல முட்டைகள் நிமிர்ந்து நின்றன. ஓரத்தில் ஒன்று மட்டும் சாம்பல் நிறம். அதன் உச்சி பிளந்து, ஒரு கறுப்புக் கால் வெளியே வந்து காற்றைத் துழாவியது. பிறகு இன்னொரு கால்.

நண்டுக்கு நெஞ்சு படபடத்தது. அதில் படமும் ஆடியது. முழங்கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

“அத்தை, இங்க வாங்களேன்.”

கடைசித் துண்டைத் தோளில் போட்டபடி வந்த அத்தை, கேமராத் திரையைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“இத்தனூண்டுக்குள்ள இவ்ளோ காலா?” என்றார், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல். தெளிப்பானைச் சுவரோரம் வைத்துவிட்டார்.

மறுநாள் மாலை, மிளகாய் பறிக்க மாமா மாடிக்கு வந்தார். செடிக்கு முன்னால் நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருந்தார்.

“கைய எடுங்க. குழந்தைங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கு.”