காளியாயி பெயரில் ஒரு பார்சல்

பெட்டி ஒன்றுதான் வரவேண்டும். போன் திரையில் இரண்டு இருந்தன.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில், டீசல் புகையும் வடை பொரிக்கிற எண்ணெய் வாசனையும் நனைந்த சட்டைகளின் வாடையும் கலந்து மூக்கை அடைக்கிற கூட்டத்துக்கு நடுவில் நின்று, தனுஷிகா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிடங்கு. இரும்புத் தட்டின் ஒரு பக்கம் அவள் வாங்கிய வெள்ளைப் பெட்டி, நானூறு கிராம். மறுபக்கம் சப்பாத்துப் பெட்டி அளவில் இன்னொன்று, அனுப்பியவர் பெயர் இல்லாமல், அடிப்பாகம் நனைந்து, தட்டில் சிவப்பாகக் கசிந்துகொண்டு. கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது: திருமதி காளியாயி, உங்களுக்கு இரண்டு பார்சல்கள் வந்துள்ளன.

எந்தக் கழுதையோ மாற்றி வைத்துவிட்டது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள்.

அந்த வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது அவள் மகளுடைய காது. சுலக்ஷனா இரண்டு காதும் துளை இல்லாமல் பிறந்த பிள்ளை. நாலு வயதாகியும் ஒரு சொல் பேசாது. பின்னால் நின்று தகரத்தைத் தட்டினாலும் திரும்பாது. தலையில் பட்டி மாதிரிக் கட்டிவிட்டால் எலும்பு வழியாகச் சத்தம் கேட்கவைக்கிற மெஷின் இருக்கிறது என்று கண்டி டாக்டர் சொன்னார். பிந்தினால் பேச்சு வராமலே போய்விடும் என்றும் சொன்னார். தேடு தேடென்று தேடி, இங்கிலாந்துக் கடையொன்றில் கடைசியாக இருந்த ஒன்றைப் பிடித்தாள். அந்தக் கடை இலங்கைக்கு அனுப்பாதாம். அதற்குத்தான் இந்தப் பார்சல் சேவை. அவர்கள் அங்கே நமக்கென்று ஒரு விலாசம் தருவார்கள், கடைக்காரன் அங்கே அனுப்புவான், அவர்கள் வாங்கிப் படம் பிடித்துக் காட்டி இங்கே அனுப்பி வைப்பார்கள்.

சேரும்போது விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவளிடம் போய் விலாசம் கேட்டால் அவள் எங்கே போவாள்? கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான். குடும்பத்துக்கு ஒரு அறையாகப் பத்துக் காம்பரா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கரண்ட் மீட்டர். அது கடைசித் தொங்கலில் உள்ள பத்தாம் காம்பராவின் முன்சுவரில் இருக்கிறது. பில் வருவது அங்கே குடியிருந்த காளியாயி பெயரில். டிவி டிஷ் பூட்டவும் போன் எடுக்கவும் லயத்தில் எல்லாரும் நீட்டுவது அந்தப் பில்லைத்தான். தனுஷிகாவும் நீட்டினாள். பில்லில் உள்ள பெயரே வேண்டும் என்றார்கள். காளியாயி என்று போட்டுவிட்டாள்.

காளியாயி போய்ச் சேர்ந்து இரண்டு வருசம். மழைக்குப் பின்மேடு சரிந்து பத்தாம் காம்பராவுக்குள் இறங்கியது. மூன்று நாள் தோண்டியும் ஆள் கிடைக்கவில்லை. உடம்பில்லாமல் மரணப் பத்திரம் யார் கொடுப்பார்? பில் அவள் பெயரிலேயே நின்றது. தோட்டம் கதவுக்குப் பூட்டுப் போட்டது. மற்ற ஒன்பது காம்பராவிலும் சனம் அப்படியே இருந்தது. தனுஷிகா இருந்தது ஒன்பதாவதில்.

இரண்டாவது பெட்டி எங்களுடையது இல்லை, அனுப்பவேண்டாம் என்று எழுதினாள். மறுநாள் காலை பதில் வந்தது.

"திருமதி காளியாயி, நேற்று நீங்கள் போனில் கேட்டுக்கொண்டபடி இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்துவிட்டோம். உங்கள் குரல் தெளிவாகக் கேட்காததற்கு வருந்துகிறோம்."

கூடவே ஒரு படம். பெட்டி நிறையச் சிவந்த மண். அதன் மேல் பிள்ளையின் வெள்ளைப் பட்டி பதிந்து கிடந்தது. பக்கத்தில் நான்கு விரல் அழுத்திய தடம்.

அவள் நேற்று யாருக்கும் போன் பண்ணவே இல்லை. வேண்டாம் என்று திருப்பினால் மெஷினும் போய்விடும். இன்னொன்று உலகத்தில் எங்கே தேடுவது? வரட்டும், மண்ணைத் தட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து சுவர் தட்டியது. பத்தாம் காம்பராவின் பக்கமிருந்து, முழங்கை உயரத்தில், அவசரமில்லாமல். டொக். டொக். பிள்ளை அந்தச் சுவரில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. அடுப்பில் கொதிக்கிற சோற்றிலிருந்து புதுக்குழியின் ஈரவாடை அடித்தது.

"எலியா இருக்கும் புள்ள," என்றாள் எட்டாம் காம்பரா நாகலெட்சுமி. தனுஷிகா வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள். "மருந்து வைக்கச் சொல்லவா?"

எலியாம். தனுஷிகாவுக்கா தெரியாது? மேடு சரிந்த அன்று இதே தட்டலைக் கேட்டவள் அவள். மண் அள்ள வந்த ஆமிக்காரன் அவளிடம்தான் சிங்களத்தில் கேட்டான், உள்ளே ஏதும் சத்தம் கேட்டதா என்று. அந்தச் சுவரைத் தோண்டினால் அவள் காம்பராவும் சேர்ந்து விழும். கைப்பிள்ளையோடு எந்தக் கூரைக்குப் போவாள்? இல்லை என்று தலையாட்டினாள். அவர்கள் மறுபக்கம் தோண்டப் போனார்கள். தட்டல் மறுநாள் பொழுது சாயும்வரை இருந்தது. பிள்ளைக்குக் கேட்காதே என்று அன்றைக்கு அவள் சந்தோசப்பட்டாள். ஆமாம், சந்தோசம்தான் பட்டாள்.

பார்சல் கொழும்புக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எடை பத்தொன்பது கிலோ. இரண்டு நாள் கழித்து ஹட்டன். நாற்பத்தாறு கிலோ.

அடுத்த நாள் மத்தியானம் அவள் வேலை செய்கிற துணிக்கடையில் போன் அடித்தது. பார்சல் கொண்டு போகிற றொக்சன், அவளையும் பிள்ளையையும் கடையில் கண்டு பழகியவன்.

"அக்கா, பார்சல குடுத்துட்டேங்க."

"குடுத்தியா? யார்கிட்ட? நான்தான் வீட்ல இல்லையே."

"பத்தாம் காம்பராவுல ஒரு அம்மாகிட்ட. காளியாயி யாருன்னு கேட்டேன், நான்தான்னாங்க. கதவ லேசாத்தான் தொறந்தாங்க, கைய மட்டும் நீட்டிக் கையெழுத்துப் போட்டாங்க. கையெல்லாம் மண்ணு. நாங்க ரெண்டு பேர் சேந்து தூக்கின பெட்டிய அவங்க ஒத்தக் கையால உள்ள இழுத்துட்டாங்கக்கா."

அவள் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்தாள்.

"ஒங்க மகளும் உள்ளதான் நின்னிச்சு," என்றான் அவன்.

நாகலெட்சுமிக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. த்ரீவீலர் பிடித்தாள். மலை ஏற ஏறப் பனி இறங்கியது. தேயிலைச் செடிகள் மறைந்தன, ரோட்டோரக் கல் மறைந்தது, கடைசியில் வண்டியின் லைட்டும் முன்னால் இரண்டு முழத்துக்குமேல் போகவில்லை. லயத்துக்குக் கீழேயே இறங்கி ஓடினாள்.

மணி மூன்று. சனம் எல்லாம் மலையில் கொழுந்து எடுக்கிறது. லயத்தில் ஒரு சத்தமும் இல்லை. நாகலெட்சுமி தன் வாசலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கிடந்தாள். தனுஷிகா உலுக்கினாள். எழும்பவில்லை. அவள் கன்னத்தில் ஈர மண்.

பத்தாம் காம்பரா. கதவில் தோட்டத்துப் பூட்டு. துருப்பிடித்து, அப்படியே. யாரும் திறக்கவில்லை.

ஜன்னல் பலகையில் ஒரு வெடிப்பு. கண்ணை வைத்தாள்.

உள்ளே பாதிக் காம்பரா மண். அந்த மண் சரிவின் ஓரத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. தலையில் வெள்ளைப் பட்டி.

"சுலா!"

பிள்ளை திரும்பியது.

பிறந்ததிலிருந்து முதல் தடவை. அம்மா கூப்பிட்டு, திரும்பியது. கண் விரிந்தது. வாய் சிரித்தது. தனுஷிகாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டியது. "அம்மா இங்கதான் இருக்கேன்டா. எழும்பி வா. வா சாமி."

எழும்ப முடியவில்லை. இடுப்புவரை மண். இப்போதுதான் பார்த்தாள். மண் நகர்கிறது. மெதுவாக. மேலே.

கதவை உதைத்தாள். பூட்டைக் கல்லால் அடித்தாள். கத்தினாள். மலையில் யாருக்கும் கேட்கவில்லை. திரும்ப வெடிப்புக்கு ஓடினாள்.

நெஞ்சுவரை.

கழுத்துவரை.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. நகமில்லாத விரல்கள். பிள்ளையின் கழுத்தை நெரிக்கவில்லை. நழுவியிருந்த பட்டியைப் பிடித்து, தாய் பிள்ளைக்குத் தலை சீவி விடுவதுபோல, காதுக்குப் பின்னால் பத்திரமாக இழுத்து வைத்தது.

பிள்ளை அம்மாவை விட்டு முகத்தைத் திருப்பி, கன்னத்தை மண்ணில் வைத்து, உள்ளே ஒருத்தி சொல்லச் சொல்லக் கேட்கத் தொடங்கியது.