சின்னதுரைக்கு விஷம் வைத்தது யார்?

காலை ஏழரை மணி. கிராணி வீட்டுச் சமையலறையில் சின்னதுரை நான்கு கால்களையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு கிடந்தார்.

பதற வேண்டாம். தேயிலைத் தோட்டங்களில் சின்னதுரை என்றால் உதவி மானேஜர். இந்த வீட்டில் அது இரண்டு கிலோகூடத் தேறாத டாய் பூடல் நாய். துரைமாரிடம் காலமெல்லாம் திட்டு வாங்கிய, தோட்டக் கணக்கு எழுதும் கிராணி யோகேந்திரன், ஒரு துரையையாவது தான் அதட்டலாம் என்று வைத்த பெயர். அதட்டல் என்னவோ இன்றுவரை நாயிடமிருந்துதான் வருகிறது.

கிராணியின் மனைவி சாரதா நாயைப் போர்வையில் சுற்றிக்கொண்டு தானா ராத்தா டவுனுக்கு ஓடினாள். கால்நடை மருத்துவர் ட்ரிப் ஏற்றினார்.

"ரத்தத்துல சீனி அடியோட இறங்கிப்போச்சு. நேத்தும் இதே கதை. இங்க தேறுது, வீட்டுக்குப் போனா விழுது. உள்ள என்ன போகுதுன்னு கண்டுபிடிங்கம்மா. இன்னொரு தடவை தாங்காது."

நாயை அங்கேயே விட்டுவிட்டு அவள் திரும்புவதற்குள் தோட்டத்தில் தீர்ப்பே சொல்லியாகிவிட்டது. குற்றவாளி குகனேஸ்வரன். களைக்கொல்லி அடிப்பது அவன் வேலை. போன வாரம் சின்னதுரை அவன் கேரட் பாத்தியைத் தோண்டியபோது, "ஒரு நாள் உனக்கும் மருந்தடிக்கிறேன் பாரு!" என்று ஊர் கேட்கக் கத்தியிருந்தான். யோகேந்திரன் மானேஜரிடம் போனார். மாலைக்குள் தொழிலாளர் லைனில் உள்ள வீட்டைக் காலி செய்யும்படி குகனேஸ்வரனிடம் மானேஜர் சொல்லிவிட்டார்.

சாரதா தன் அண்ணன் மகளுக்குப் போன் போட்டாள். சுபத்ரா போலீஸ் சார்ஜண்ட். அன்று லீவு. வந்தவள் முதலில் லைனுக்குத்தான் போனாள். குகனேஸ்வரன் லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். பள்ளிச் சீருடையோடு இரண்டு பிள்ளைகள் படியில் உட்கார்ந்திருந்தன.

"மருந்தடிப்பேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் லா. கோவத்துல வந்த வார்த்தை."

"நாய் உங்ககிட்ட வருமா?"

"வராம? நேத்து சாயங்காலம்கூட வேலியோரம் வந்து கைய நக்கிட்டுப் போச்சு. நான் திட்டுனா அதுக்கு வெளையாட்டு."

சுபத்ரா அத்தை வீட்டுக்கு நடந்தாள். சாரதா அழுத கண்ணோடு தேநீர் கொடுத்தாள். சுபத்ரா ஒரு வாய் குடித்தாள். நல்ல இனிப்பு. ஆனால் நாக்கு நுனியில் புதினா பட்டதுபோல ஒரு குளிர்ச்சி. கோப்பையை வைத்துவிட்டாள்.

"மாமா சீனி கொறையப் போடுற மாத்திரை எங்க அத்தை?"

"அலமாரியில பூட்டி வச்சிருக்கேன். டாக்டரும் அதத்தான் கேட்டாரு. ஒண்ணும் கொறையல."

"சின்னதுரைக்குக் காலையில என்ன குடுப்பீங்க?"

"ஒரு கரண்டி சீனித்தண்ணி. குட்டியில பசி தாங்காம மயங்கிட்டான். இந்த மாதிரி சின்ன நாய்ங்களுக்குச் சீனி பட்டுனு இறங்கிடுமாம். மயங்குனா ஈறுல சீனியத் தேய்ப்பேன். இன்னிக்கும் தேய்ச்சேனே, எழுந்திரிக்கலியே!"

"ஆசையா குடிப்பானா?"

"நேத்து வரைக்கும் குடிச்சான். இன்னிக்குக் கரண்டியக் கண்டதுமே மேசைக்கடியில ஒளிஞ்சுட்டான். புடிச்சுத்தான் ஊட்டினேன்."

"ஞாபகம் ஜாஸ்தியோ?"

"ஊசி போட்ட நர்ச இன்னிக்கும் கிட்ட சேக்க மாட்டான்."

சமையல் மேடையில் இருந்த இரண்டு டின்களைச் சாரதா காட்டினாள். வெள்ளை டின்னில் சீனி. விருந்தாளிக்கும் நாய்க்கும் அது. பச்சை டின்னில் சீனி மாதிரியே ஒரு பொடி. யோகேந்திரனுக்கு நீரிழிவு என்ற இனிப்பு நீர் வந்த பிறகு, சீனிக்குப் பதிலாக பிரிஞ்சாங் கடையில் வாங்கியது.

"மாமா அதக் குடிக்கிறாரா?"

"மொதல்ல 'இது டீயா, கஷாயமா'ன்னு சண்டை. நேத்துல இருந்து ரெண்டாவது கப் கேக்குறாரு. அவருக்கு இல்லாத சீனி எனக்கெதுக்குன்னு நானும் விட்டுட்டேன். எனக்கு வெறும் டீதான்."

நாய் விழுந்த இடத்தில் வெள்ளைத் துகள்கள் சிந்திக் கிடந்தன. ஓர் எறும்புகூட இல்லை. வாசல் படியில் யோகேந்திரன் குடித்துவிட்டு வைத்த கோப்பையில் எறும்புகள் பந்தி போட்டிருந்தன.

வாசகர் வேண்டுமானால் இங்கே சற்று நின்று யோசிக்கலாம். சுபத்ரா நிற்கவில்லை. பொடி வந்த பாக்கெட்டைத் தேடி எடுத்துப் படித்தாள். மருத்துவருக்குப் போன் செய்தாள். அதற்குள் யோகேந்திரன் வந்துவிட்டார்.

"அவனப் புடிச்சு உள்ள போடும்மா!"

"ஆள் கிடைச்சாச்சு மாமா. டின் ரெண்டையும் மாத்திக் கொட்டுனது எப்ப?"

கிராணியின் கண் பச்சை டின்னுக்குப் போனது.

"குகன் வைக்கல. களைமருந்துன்னா நாயோட வாய் வெந்திருக்கும். தப்பு பண்ணின கைய அது மறக்காது; குகன் கைய நேத்துகூட நக்கியிருக்கு. அது பயந்தது கரண்டியப் பாத்து. கீழ சிந்துனத எறும்பு சீண்டல, உங்க கப்ப மொய்க்குது. அப்ப வெள்ளை டின்ல இருக்கிறது சீனி இல்ல. என் நாக்குக்கே அந்தக் குளிர்ச்சி தெரிஞ்சுது. அத்தை சீனி தொடுறதில்ல, அதான் அவங்களுக்குத் தெரியல."

"நல்ல டீ குடிச்சு எவ்ளோ நாளாச்சு..." என்று யோகேந்திரன் முனகினார். "பொடியால யாருக்கும் கெடுதல் இல்லன்னு கடைக்காரர் சொன்னாரே."

"மனுஷனுக்கு இல்ல. பாக்கெட்டுல சைலிட்டால்னு போட்டிருக்கு. நாய் உடம்புல அது போனா ரத்தத்துச் சீனி அப்படியே விழுந்திடும். மயங்குனதும் அத்தை இன்னும் தேய்ச்சிருக்காங்க. மருந்துன்னு நெனச்சு விஷத்தையே ஊட்டியிருக்காங்க."

சாரதா சுபத்ராவின் கையைப் பிடித்தாள். "பொழைச்சிடுவானா?"

"பேர் தெரிஞ்சதே பாதி வைத்தியம்னு டாக்டர் சொல்றாரு. சீனி ஏத்திக்கிட்டே இருக்காராம். ஈரல மட்டும் ரெண்டு நாள் பாக்கணும். இப்பவே தலையத் தூக்கி நர்சப் பாத்து உறுமுதாம்."

யோகேந்திரன் குழந்தைபோல அழுதார். சாரதா தேற்றவில்லை. தன் போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மானேஜருக்குப் பேசுங்க."

"வெக்கமா இருக்கு சாரதா. நாளைக்குப் பேசுறேன்."

"இன்னிக்கு ராத்திரி அந்தப் புள்ளைங்க எங்க படுக்கும்?"

அவர் பேசினார். "துரை, குகன் இல்ல. விஷம் வச்சது நான்தான்." அந்தப் பக்கம் கிடைத்த திட்டு முழுவதையும் குறுக்கே பேசாமல், 'அவன் வீட்டிலேயே இருக்கட்டும்' என்று வரும்வரை கேட்டுக்கொண்டார். பிறகு சட்டையைக்கூட மாற்றாமல் லைனுக்கு நடந்தார்.

லோரி கிளம்பத் தயாராக நின்றது. யோகேந்திரன் எல்லார் முன்னாலும் கைகூப்பினார். "தப்பு என்னோடது. நீ போக வேணாம்" என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறி, துணி வைக்கும் நிலைப்பேழையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அது நகரவில்லை.

குகனேஸ்வரன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஏறி மறுமுனையைப் பிடித்தான்.

"மெல்ல இறக்குங்க கிராணி. கண்ணாடி இருக்கு லா."