சுண்ணாம்பு கேட்டது

கர்னல் துரை தப்பித்துவிட்டார். அவர் கல்லறைக்கு நான்கு கிரேக்கத் தூண்கள், மேலே ஒரு கும்மட்டம், சுவரெல்லாம் கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றிய சுண்ணாம்பு. எட்டிப் பார்க்கத்தான் நாதியில்லை. ஆனால் எப்போதோ அதைப் பழுதுபார்க்க வந்த கொத்தனார் ஒருவர் வெயிலைத் திட்டியது பூச்சில் பதிந்திருந்தது. மனிதக் குரல் என்று கல்செவிக் கருவி ஏற்றுக்கொண்டது. துரைக்கு அதிர்ஷ்டம், வேறென்ன சொல்ல?

கல்செவி வந்ததிலிருந்து அந்தப் பழைய பட்டணத்துக் கல்லறைத் தோட்டத்தில் இதுதான் நியாயம். ஈரச் சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் கல்லாக இறுகும்போது கையெட்டும் தூரத்துக்குள் எழும் சத்தமும் நுண்ணலைகளாக அதில் உறைந்துவிடும். நம் ஜனங்கள்தான் கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பவர்களாயிற்றே! கருவி ஒளியைப் பாய்ச்சி ஒவ்வொரு பூச்சாகக் கேட்டுச் சொல்லும். எந்தப் பூச்சிலும் பேச்சில்லை என்றால் அது ஆளில்லாத கல்லறை. எலும்புகளைப் பொதுக்குழியில் போட்டுவிட்டு அங்கே அடுக்குக் கல்லறை எழுப்புவார்கள். வெள்ளையடிக்கக் கூலிக்கு ஆள் கிடைக்கும், பேசத்தான் சொந்தம் வேண்டும் என்பது கல்லறை வாரியத்தின் வாதம்.

ரயில்வே துரைமார்களின் ஊசித் தூண்களைத் தாண்டி, மதிலோரம் இருந்தது இருதயமேரியின் கல்லறை. செங்கல் மேடை, சிமெண்டுச் சிலுவை, அவ்வளவுதான். வாரியத்தின் பொறியாளர் பெனடிக்டா அதில் கல்செவியை வைத்தாள். எல்லாப் பூச்சிலும் சுண்ணாம்பு மட்டை தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வார்த்தை இல்லை.

தகவல் போனதும் இருதயமேரியின் கணவர் சவரிராயன் வந்தார். எண்பதைத் தொட்ட மனிதர். வருஷம் தவறாமல் வெள்ளையடித்தது அவரேதான். தன்னையும் அதே குழியில் மனைவியோடு வைக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த இடத்தைக் காத்து வருவதாகச் சொன்னார். கல்லறையைப் பிரித்துவிட்டால் அந்த ஆசை மண்ணோடு போகும்.

"ஒரு வார்த்தைகூடப் பேசலியா ஐயா?" என்று கேட்டாள் பெனடிக்டா.

"அவளுக்குப் பிறவியிலயே காது கேக்காதும்மா. நாங்க கையாலதான் பேசுவோம். இங்கயும் அப்படித்தான்."

பெனடிக்டாவுக்குச் சங்கடமாகிவிட்டது. விதியில் கைப்பேச்சுக்கு இடமில்லை. திருநாள் வருகிறது, புதுப் பூச்சு அடிக்கும்போது நாலு வார்த்தை வாய்விட்டுப் பேசிவிடுங்கள், போதும் என்று வழி சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"அவ ஒருநாளும் கேக்காத குரல்மா இது. இப்போ பேசினா உங்க மிஷின்கிட்டதான் பேசுறேன், அவகிட்ட இல்ல."

கிழவருக்கு என்ன பிடிவாதம் என்று பெனடிக்டாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. போகிற வழியில் அதே தோட்டத்தில் இருந்த தன் அப்பாவின் கல்லறையிலும் கருவியை வைத்துப் பார்த்தாள். முதல் தரச் சான்று கிடைத்தது, பூச்சுக்குப் பூச்சு பேச்சு! என்ன பேச்சு என்று கேட்டுப் பார்த்தாள். அவளும் தம்பியும் மாடி யாருக்கு என்று போட்ட சண்டை. அடுத்த பூச்சில் அவளே யாருக்கோ போனில் பிரியாணி சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்ததில், "சீக்கிரம் அடிடா, டிராஃபிக் ஆரம்பிச்சிடும்." எத்தனையோ வருஷங்களில் அப்பாவிடம் ஒரு சொல் இல்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திருநாளன்று தோட்டமெங்கும் ஒரே இரைச்சல். இடம் போய்விடுமோ என்ற பயத்தில் ஆளாளுக்குக் கல்லறையைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதிலோரம் சவரிராயன் வெள்ளையடித்து முடித்து, சுண்ணாம்பு படிந்த விரல்களால் எதையோ விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் சிரிப்பு வேறு.

பெனடிக்டா ஈர மேடையருகே குனிந்து, "இருதயமேரியம்மா, உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்றாள்.

கருவிக்கு அது போதும். கொத்தனாரின் வசவே போதுமாயிருந்ததே.

பிறகு அப்பாவிடம் போனாள். போனை அணைத்துவிட்டு மேடை முழுவதும் தானே வெள்ளையடித்தாள். பேசலாம் என்று வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, அப்பாவின் பெயர்மேல் வழிந்திருந்த சுண்ணாம்பை விரலால் துடைத்தாள். பொழுது சாயும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரும்போதுதான் உறைத்தது, கல்செவியின் கணக்கில் இது அப்பாவைப் பார்க்க யாருமே வராத வருஷம்.