பஸ் போகாது

எங்கள் நாடகத்தில் கெட்ட ஆள் ஒருவர்தான். அது நான்.

பாத்திரங்களைப் பிரித்த அன்று நிதுஷன் அண்ணா என்னை ஒரு வசனம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பக்கத்து வகுப்பில் ஒரு சின்னப் பிள்ளை அழத் தொடங்கியது. "சரி, துவாரகாதான் பஸ் டிரைவர்," என்றார் அண்ணா. அவர் பல்கலைக்கழக மாணவர். சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வந்து நாடகம் பழக்குவார்.

நாடகம் அமெரிக்காவில் உண்மையாக நடந்த கதை. சுமார் எழுபது வருடங்களுக்கு முன் மொண்ட்கொமரி என்ற ஊரில் பஸ்ஸின் முன் இருக்கைகள் வெள்ளையர்களுக்கு மட்டும். கறுப்பின மக்கள் பின்னால்தான் இருக்க வேண்டும். வெள்ளையருக்கு இடம் போதாவிட்டால் அந்த இடத்தையும் விட்டு எழும்ப வேண்டும். ஒரு நாள் ரோசா பார்க்ஸ் என்ற பெண் எழும்பவில்லை. அவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. உடனே அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக வேலைக்கு நடந்தே போனார்கள். கடைசியில் அந்தப் பஸ் சட்டம்தான் இறங்கிப் போனது.

இதைக் கேட்ட நாளில் எங்கள் வகுப்பே துள்ளியது. லதீஸ் அன்றைக்கே வீட்டுப்பாடத்தைப் பகிஷ்கரித்தான். அது மட்டும் வெற்றி பெறவில்லை.

எழும்பாத அந்தப் பெண்ணாக நடிப்பது என் தோழி யோகா. "எழும்பு" என்று கத்துவது என் வேலை.

பள்ளியின் கலைவிழா எங்கள் ஊரான நோபல் பார்க்கில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. எங்கள் நாடகத்துக்குச் சற்று முன்புதான் பஸ்ஸுக்கு ஸ்டியரிங் இல்லை என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. டிரைவர் நான். ஆகவே தேடி ஓடியதும் நான். மண்டபத்தின் பின்பக்கம் குசினி. அங்கே சோற்றுப் பானையின் மூடி ஒன்று, அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

யோகாவின் அம்மா நேசமலர் அன்ரி வடை தட்டிக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று அன்ரிமார் வேர்க்க வேர்க்க நின்றார்கள்.

"அன்ரி, அடுத்தது எங்கட நாடகம். வாறீங்கள்தானே?"

"இடைவேளைக்கு வடை சூடாய் இருக்கவேணும் பிள்ளை. கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறன், யோகாவின்ர குரல் கேட்கும். போன முறையும் அப்பிடித்தான் கேட்டனான்."

மூடியோடு திரும்பி வந்தேன். திரைக்குப் பின்னால் யோகா நின்றாள். தலையில் தொப்பி, கையில் கைப்பை, முகத்தில் கேள்வி.

"அம்மா வரமாட்டா, என்ன?" என்றாள். "நான் நடிச்சதில ஒண்டைக்கூட அவ பார்க்கேல்லை."

நான் அவளுடைய தொப்பியை நேராக்கிவிட்டேன்.

திரையின் இடுக்கால் மண்டபத்தைப் பார்த்தேன். முன்வரிசை முழுக்க மெத்தென்ற சோபாக்கள். ஒவ்வொன்றிலும் 'சிறப்பு விருந்தினர்' என்று தாள் ஒட்டியிருந்தது. விருந்தினர்கள் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, அப்போதே போய்விட்டார்கள். ஆனாலும் அந்தச் சோபாக்களில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான்.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. குசினியில் நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் அதே அன்ரிமார். எல்லோரும் இந்த நாட்டுக்குப் பிந்தி, படகில் அகதிகளாக வந்தவர்கள். மண்டபத்தில் முன்னுக்கு இருப்பவர்கள் முந்தி, விமானத்தில் வந்தவர்கள். என் அப்பா அம்மாவும் அதில்தான். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. தானாகவே அப்படி நடக்கிறது. நான் ஏன் இதைக் கவனிக்கவில்லை? நான் இதுவரை வடையை மட்டும்தான் கவனித்திருக்கிறேன்.

விழாச் செயலாளர் வரதராஜா அங்கிள் சோபாக்களுக்குக் காவல் நின்றார். இறங்கி ஓடிப்போய், குசினி அன்ரிமார் அதில் இருந்து நாடகம் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அது விருந்தினருக்குப் பிள்ளை."

"அவை போயிட்டினம், அங்கிள்."

"திரும்பி வந்தால்?"

அங்கிள் கெட்டவர் இல்லை. அவர்தான் எங்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் போட்ட தண்ணீர்ப் போத்தல் வாங்கித் தந்தவர். ஆனால், குசினிக்காரர் குசினியில்தானே நிற்பார்கள், எப்போதும் அப்படித்தானே என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். திரை திறக்க நேரமாகிவிட்டது.

மேடையில் பிளாஸ்டிக் கதிரைகள்தான் பஸ். நான் முன்னுக்கு, கையில் பானை மூடி. பின்னால் யோகாவும் மற்றப் பயணிகளும். ஏறக் காத்து நின்றான், வெள்ளைக்காரப் பயணியாக நடிக்கும் லதீஸ். நான் இப்போது பஸ்ஸைக் கிளப்ப வேண்டும். திரும்பிப் பார்த்தேன். யோகா குசினிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மூடியைக் கீழே வைத்தேன்.

"பஸ் போகாது," என்றேன் மைக்கில்.

திரை ஓரத்தில் நிதுஷன் அண்ணா இரண்டு கைகளாலும் ஏதோ காட்டினார். அது 'போ' என்றும் இருக்கலாம், 'என்னைக் கொல்லாதே' என்றும் இருக்கலாம்.

"முன் சீற்றெல்லாம் காலி. ஆனால் குசினியில ஆக்கள் நிக்கினம். அவை வந்து இருக்கும் வரைக்கும் இந்தப் பஸ் போகாது."

சபையில் சிரிப்பு கிளம்பியது. வரதராஜா அங்கிள் மேடைக்குக் கிட்ட வந்து, நாடகத்தை நடத்தும்படி சொன்னார்.

"ஓடுற நேரம் டிரைவரோட கதைக்கக் கூடாது, அங்கிள்."

"நீதான் ஓடேல்லையே பிள்ளை."

அதுவும் சரிதான். அப்போது லதீஸ் மேடையை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டு இருந்தான். அவனுக்குப் பின்னால் பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பகிஷ்கரிப்பு எப்படிச் செய்வது என்று எங்களுக்குத்தான் கிழமைக் கணக்காகப் பழக்கியிருந்தார்களே. மேடையில் மிஞ்சியது நானும் யோகாவும்தான்.

"அப்ப வடையை ஆர் பார்க்கிறது?" என்றார் அங்கிள்.

நியாயமான கேள்வி. நான் அதை யோசிக்கவே இல்லை. நல்ல காலம், என் அப்பா எழுந்து நின்றார். "நான் பார்க்கிறன்."

என் அப்பாவுக்குத் தேத்தண்ணீர் போடவும் தெரியாது. அது அங்கிளுக்கும் தெரியும். அவர் அப்பாவைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், பிறகு காலியான சோபாக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்களை எண்ணெய்க்குப் பக்கத்தில தனிய விட ஏலாது," என்று சட்டைக் கையை மடித்தார். போகும் வழியில் முதல் சோபாவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தெடுத்தார். பிறகு அடுத்ததையும்.

அன்ரிமார் நால்வரும் வந்தார்கள். நேசமலர் அன்ரியின் கைகளில் மாவு காய்ந்திருந்தது. சோபாவின் நுனியில், எந்த நேரமும் எழும்ப ஆயத்தமாக இருந்தார்.

பயணிகள் ஏறினார்கள். பஸ் புறப்பட்டது. லதீஸ் ஏறி நின்றான். நான் யோகாவிடம் போய், என்னிடம் இருந்த முழுக் குரலையும் திரட்டிக் கத்தினேன்.

"எழும்பு!"

யோகா எழும்பவில்லை. ஆனால் முன்வரிசையில் நேசமலர் அன்ரி சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

யோகா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"எழும்பாதேங்கோ, அம்மா. அது உங்கட சீற். இருங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நானும் எழும்ப மாட்டன்."

முதல் வரி எங்கள் நாடகத்திலேயே இல்லாதது.

நேசமலர் அன்ரி திரும்பவும் சோபாவில் இருந்தார். இந்த முறை நுனியில் இல்லை. நன்றாகப் பின்னால் சாய்ந்து இருந்தார்.

அடுத்த வசனம் என்னுடையது. பொலிசைக் கூப்பிடுவேன் என்று யோகாவை மிரட்டினேன். மண்டபம் முழுவதும் சேர்ந்து என்னைப் பார்த்து 'ஊ' என்று கூவியது. எல்லோரையும் விடச் சத்தமாகக் கூவியவர் நேசமலர் அன்ரி.

இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் திட்டு வாங்கியதில்லை.