வெட்டி எடுத்த மூச்சு

இரண்டாவது பாட்டின் சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சு இழுத்தாள்.

கிட்டார்க்காரனின் விரல்கள் தந்திகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. காது மட்டும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அங்கே மூச்சு கிடையாது. இருக்கவே கூடாது. மனைவி பாடிய வரிகளுக்கு நடுவில் இருந்த மூச்சுச் சத்தம் ஒவ்வொன்றையும் கணினி முன்னால் உட்கார்ந்து தன் கையாலேயே வெட்டி எடுத்தவன் அவன். நோய் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்த கடைசி மாதங்களில் பதிவு செய்த குரல் அது. ஒரு வரி பாடுவாள், நிற்பாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள், பிறகு அடுத்த வரி. "சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்கு. அந்தச் சத்தம் வராமப் பாடேன்" என்று அவன் எரிந்து விழுந்தான். அவள் தலையாட்டினாள். பாடி முடித்தாள். போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அவள் இருப்பது அவனுடைய காலடியில். மேடையில் அவன் முன்னால் ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. அதில் மூன்று மிதிகள். இடதை மிதித்தால் டிரம்ஸ், நடுவை மிதித்தால் பேஸ் கிட்டார், வலதை மிதித்தால் மனைவியின் குரல். அந்த டிரம்ஸ்காரனும் பேஸ்காரனும் ஒரு காலத்தில் அவனுக்குப் பின்னால் ஆளாக நின்று வாசித்தவர்கள்தான். அவன் வாய்க்குப் பயந்து ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். போனால் போங்கள் என்று விட்டுவிட்டான். பெட்டிக்குள் இருக்கிறவர்கள் நேரத்துக்கு வருகிறார்கள், டீ கேட்பதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை. ஒரு மிதிக்கு ஆரம்பிக்கிறார்கள், மறு மிதிக்கு நிறுத்துகிறார்கள். மனுஷ ஜாதியில் யாரிடம் கிடைக்கும் இந்த ஒழுக்கம்?

அவன் வாசிப்பது ஒரு ஹோட்டலின் தரைக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கூடத்தில், மதிய நேரத்தில். வெளியே வெயில் கொளுத்தினாலும் படி இறங்கினால் உள்ளே ராத்திரிதான். ஜன்னல் கிடையாது. நனைந்த கம்பளத்தின் வாடை, பினாயில் நெடி, அடுப்பங்கரைப் புகைபோக்கி விசிறி ஓயாமல் உறுமுகிற சத்தம். வாசித்து முடித்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து நின்றார்.

"சார், பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல யாருக்கோ மூச்சு இரைக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓரத்து டேபிள்ல, யாருக்காவது உடம்பு முடியலையான்னு கேக்குறாங்க."

"உங்க ஸ்பீக்கர் ஓட்டை. அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஸ்பீக்கர் புதுசு சார். கோவப்படாதீங்க."

"இது கோவமா? என் கோவத்தை நீங்க இன்னும் பாக்கல!"

தட்டு எடுத்துக்கொண்டிருந்த சர்வர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவன் கத்துவது அந்தக் கூடத்துக்குப் புகைபோக்கிச் சத்தம் மாதிரி பழகிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்த கையோடு கணினியைத் திறந்தான். திரையில் மனைவியின் குரல் ஒரு நீளமான கோடாக விரிந்தது. வரி வருகிற இடத்தில் தடிப்பு, வரி இல்லாத இடத்தில் வெறும் கோடு. வெறும் கோடாக இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு வீக்கம் இருந்தது. பெரிதாக்கிக் கேட்டான். மூச்சுதான். அவன் வெட்டிப் போட்ட அதே இடத்தில் முளைத்திருந்தது. "செத்தும் என் உயிரை வாங்குறியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுத்து அழித்தான்.

அடுப்படியில் கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது.

எழுந்து போய்ப் பார்த்தான். பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல் மகள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன. பிறகுதான் காற்று உள்ளே போனது.

"ஒரு டம்ளரை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா உனக்கு?"

"மூச்சு அடைச்சுக்கிச்சுப்பா. யாரோ வாயைப் பொத்தின மாதிரி."

"உங்கம்மா மாதிரி நீயும் ஆரம்பிக்காதே."

அவனுக்கு மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான். கொஞ்ச நாளாகவே இப்படித் திடீர் திடீரென்று திணறுகிறாள்; டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நுரையீரல் பளிங்கு மாதிரி இருக்கிறது, பயந்த பிள்ளை, அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார். அவன்தான் பயந்தான். அந்தப் பயத்தைக் கோபமாக அல்லாமல் வேறு எப்படிக் காட்டுவது என்று அவனுக்குத் தெரியாது. கண்ணாடித் துண்டுகளை அவனே பொறுக்கினான், திட்டிக்கொண்டே.

திரும்ப வந்து உட்கார்ந்தபோது, அழித்த வீக்கம் மறுபடி அங்கே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அடுத்த வரிக்கு முன்னால் இன்னொன்று. ஒன்றை அழித்தான், அடுப்படியில் இருமல். அடுத்ததை அழித்தான், இருமல். "அந்த இருமலை நிறுத்தேன்! இங்க வேலை பாக்குறது தெரியலையா?" என்று கத்திவிட்டு எழுந்து கதவைச் சாத்தினான். மற்றவற்றையும் அழித்தான். கதவுக்கு வெளியே எதுவோ தரையில் உட்கார்ந்த சத்தம். பிறகு சத்தமே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் ஒன்றும் போகவில்லை. போட்டுக் கேட்டால் மூச்சு அப்படியே இருந்தது. வெட்ட முடியாவிட்டால் மறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை தோன்றியது. அந்தப் பெட்டியை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை மிதித்தால் மறுபடி மிதிக்கும்வரை ஓடுவது ஒரு விதம். கால் அழுந்தியிருக்கும்வரை மட்டும் ஒலித்து, காலை எடுத்த நொடியே ஊமையாவது இன்னொரு விதம். வலது மிதியை இரண்டாவது விதத்துக்கு மாற்றினான். வரி வரும்போது அழுத்துவான். மூச்சு வருகிற இடத்தில் காலை எடுத்துவிடுவான். புது அமைப்பை வீட்டில் ஒருமுறையாவது வாசித்துப் பார்க்காமல் மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது இந்தத் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரியும். அவனுக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது.

மறுநாள் மகள் வெளுத்துப்போய் எழுந்தாள். பள்ளிக்கூடம் வேண்டாம் என்றான். தனியாக விட்டுப்போக மனம் வரவில்லை, கூட்டிக்கொண்டு போனான். மேடைக்கு எதிரே முதல் மேசையில் உட்காரவைத்து, பழச்சாறு ஒன்று சொன்னான்.

"அப்பா."

"என்ன?"

"நேத்து அம்மா பாட்டுல வந்தது அம்மா மூச்சு இல்லப்பா."

"வேற யாரு மூச்சு, உன் மூச்சா? வாயை மூடிட்டு உக்காரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இடதை மிதித்தான். டிரம்ஸ் வந்தது. நடுவை மிதித்தான். பேஸ் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. முதல் பாட்டு மெதுவான பாட்டு. கரண்டிகள் தட்டில் உரசுகிற சத்தத்துக்கும் மேசைக்கு மேசை நடக்கிற பேச்சுக்கும் நடுவில் அவன் கிட்டார் நூல் பிடித்த மாதிரி போயிற்று. இதுதான் வாசிப்பு, கேளுங்கடா என்று உள்ளுக்குள் ஒரு திமிர். பல்லவி வந்தது. வலதை அழுத்தினான். மனைவியின் குரல் ஸ்பீக்கரிலிருந்து எழுந்து தாழ்ந்த கூரையில் பட்டுக் கூடம் முழுக்க இறங்கியது. ஓரத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது, வரி முடிவதற்குள்ளேயே, குரலுக்கு அடியில் மூச்சு கேட்டது. வரியோடு வரியாக. இழுப்பதும் விடுவதுமாக. அவன் எதிர்பார்த்த இடைவெளியில் இல்லை. எல்லா இடத்திலும் இருந்தது.

கிழட்டு மூச்சு இல்லை, நோய் மூச்சு இல்லை. இளசான மூச்சு.

சனியனே என்று முணுமுணுத்துக் காலை வெடுக்கென்று எடுத்தான். குரல் நின்றது. மூச்சும் நின்றது. டிரம்ஸும் பேஸும் அவனுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒழிந்தது என்று தலையை நிமிர்த்தினான்.

மகள் பழச்சாற்றை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் உறைந்திருந்தாள். டம்ளர் உதட்டைத் தொடவில்லை. வாய் திறந்தபடி. கண் இமைக்கவில்லை. அவள் எதையோ யோசிக்கிறாள் என்று நினைத்தான். இரண்டு வரி வாசித்தான். அவள் நெஞ்சைப் பார்த்தான்.

ஏறவில்லை. இறங்கவில்லை.

டம்ளர் சாய்ந்து சாறு அவள் மடியில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை. உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

அவனை அறியாமல் வலது கால் மிதியில் விழுந்தது. ஸ்பீக்கரில் பெரிதாக ஒரு மூச்சு. அதே நொடியில் மகளின் நெஞ்சு ஏறியது. டம்ளர் மேசையில் உருண்டது. அவள் அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்து 'அப்பா' என்றாள். உதடு அப்படித்தான் அசைந்தது. ஸ்பீக்கரிலிருந்து மனைவியின் பல்லவிதான் வந்தது.

இல்லை. இருக்காது. தற்செயல்.

காலை எடுத்தான்.

அவள் மூச்சு நின்றது.

அழுத்தினான். ஸ்பீக்கர் மூச்சு விட்டது. அவள் மூச்சு விட்டாள். தாளத்துக்கு. டிரம்ஸின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுப்பு.

அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். பெட்டிக்குள் இருக்கிறவர்கள் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்து முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. யாரோ கை தட்டினார்கள். வலது கால் மிதியை அழுத்திக்கொண்டே இருந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. கால் நடுங்கினால் மிதி நடுங்கியது. மிதி நடுங்கினால் மகளின் மூச்சு துண்டு துண்டாக வந்தது. இரண்டு கையாலும் தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். மைக் வாய்க்கு நேராக இருந்தது.

"மூச்சு விடும்மா" என்றான். கூடம் முழுக்கக் கேட்டது. "விடு. சத்தமா விடு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கை கழுவிவிட்டுப் படி ஏறிப் போனார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது. சர்வர்கள் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்கள். ஒருவனைக் கூப்பிட்டான். அவன் கேட்காத மாதிரி போனான். மேனேஜர் வந்தார்.

"சார், நேரமாச்சு. கீழ்க் கூடத்தைச் சாத்தணும். போதும், நிறுத்துங்க."

"நிறுத்த முடியாது. என் பொண்ணைப் பாருங்க. பாருங்கய்யா அவளை!"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். சாறு கொட்டின உடுப்போடு ஒரு பெண், அப்பாவைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டு, பாட்டுக்கு உதடு அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேனேஜரின் முகம் இறுகிப்போயிற்று.

"அந்தப் பிள்ளை முன்னாடியாவது கத்தாம இருக்கக் கூடாதா சார்?"

"நான் கத்தல. கெஞ்சுறேன். காலை எடுத்தா அவ செத்துடுவா. கரண்டை மட்டும் நிறுத்திடாதீங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்..."

அவன் கெஞ்சினான்தான். ஆனால் குரல் தடித்துப்போன குரல், வருஷக்கணக்காகத் திட்டித் திட்டியே பழகிய குரல். கெஞ்சினாலும் அது அதட்டலாகத்தான் வெளியே வந்தது. தூரத்தில் சர்வர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"உங்க கோவத்தைத் தினம் பாக்குறேன் சார். இன்னிக்கு என்னால முடியாது" என்று மேனேஜர் நடந்தார். கூடத்தின் கடைசியில் சுவரோடு இருந்த பலகையைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாக சுவிட்சுகள். எது மேடைக்குப் போகிறது என்று அவன் கேட்டதே இல்லை.

முதலாவதை அணைத்தார். வாசல் விளக்கு போயிற்று.

அடுத்தது. ஓரத்து மேசைகள் இருட்டில் போயின.

அடுத்தது. புகைபோக்கி உறுமல் நின்றது. அத்தனை நேரம் அது மூடியிருந்த மூச்சுச் சத்தம் இப்போது கூடம் முழுக்க, சுவருக்குச் சுவர், இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்.

மகளின் தலைக்கு மேல் ஒரே ஒரு விளக்கு மிச்சம் இருந்தது. அதன் கீழே அவள் வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவின் காலையே பார்த்தபடி, அடுத்த தாளத்துக்காகக் காத்திருந்தாள். மேனேஜரின் விரல் அடுத்த சுவிட்சுக்குப் போயிற்று.