பொழுது சாய்வதற்குள் ஊடு

எங்கள் அப்பா கந்தவேல் ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்ல மாட்டார். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான். அந்தக் குணத்தாலேயே ஒருநாள் எங்கள் மானம் போகப் பார்த்தது.

ராசிபுரத்தில் எங்கள் நெசவுத் தெருவின் முனையில் மோட்டார் பஸ் நிற்கத் தொடங்கிய வருஷம் அது. கடை வைக்க இடம் தேடி வியாபாரிகள் வந்தார்கள். முந்நூறு ரூபாய் வீட்டை எழுநூறுக்குக் கேட்டார்கள். வாடகையும் ஏறியது.

"வித்துப்போட்டு நாமகிரிப்பேட்டையில காடு வாங்கலாமுங்க" என்றார்கள் சிலர்.

"அப்புறம் பாவை எங்க நீட்டறது? சோளக்காட்டுலயா?" என்றார்கள் மற்றவர்கள்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். அதை நீட்டிக் கஞ்சி போட முழுத் தெருவும் வேண்டும். அதனால் யாரும் தனியாக விற்பதில்லை என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். முதலில் கை வைத்தவர் அப்பா.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, பக்கத்து வீட்டு வேலுசாமி மாமா வழிமறித்தார்.

"முத்தாயி, உங்கப்பன் நல்ல காரியம் பண்ணினான்! சத்தியம் பண்ணின கையாலயே ஊட்டை வித்துட்டான். இனி எனக்கு மட்டும் என்ன? என் ரண்டு ஊட்டையும் இன்னிக்கே தாரேன்."

அவருடைய இரண்டாவது வீட்டில்தான் பெருமாயி அத்தை இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தார்.

"யாருங்க மாமா சொன்னது?"

"தரகர் செங்கோட்டையன்தான். காலையில உங்க வாசல்ல வந்து நின்னாராம். 'பொழுது சாயறதுக்குள்ள ஊடு தந்துடறேன்'னு உள்ளாரயிருந்து உங்கப்பன் சொன்னானாம்."

வீட்டுக்கு ஓடினேன். அப்பா தறியில் இருந்தார்.

"ஏனுங்கப்பா, ஊட்டை வித்துட்டீங்களா?"

தறியில் இங்குமங்கும் ஓடிய நாடாக்கட்டை ஒரு கணம் நின்றது.

"இத்தனை வருஷமா என்னைத் தெரிஞ்சவங்க ஒரு தரகன் பேச்சை நம்பறாங்க. நான் போய்க் கையைக் கட்டிக்கிட்டு நின்னு இல்லைன்னு சொல்லோணுமா? போ, வேலையைப் பாரு."

அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. நான் நூல் சுற்ற ராட்டை முன் உட்கார்ந்தேன்.

"பெருமாயிக்கும் சேர்த்துச் சுத்து கண்ணு" என்றார் அம்மா. "காலையில சந்தைக்குப் போகையில கொல்லைப்பக்கமா வந்து ஊடு கேட்டுட்டுப் போனா. அப்பா தாரேன்னு சொல்லியிருக்காரு."

ராட்டையை நிறுத்தினேன்.

எங்கள் பேச்சில் வீடும் ஊடுதான். பாவுக்குக் குறுக்கே ஓடும் நூலும் ஊடுதான்!

சுற்றி முடித்த நூல் கூடையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். வேலுசாமி மாமா வீட்டு வாசலில் தரகர் பத்திரத்தை விரித்திருந்தார். மாமாவின் கட்டைவிரலில் மை ஏறியிருந்தது. சந்தையிலிருந்து வந்த பெருமாயி அத்தை அழுதுகொண்டு நின்றார்.

"மாமா, விரலை வைக்காதீங்க! தரகரய்யா, எங்கப்பா 'ஊட்டைத் தந்துடறேன்'னாரா, 'ஊடு தந்துடறேன்'னாரா?"

"ஊடு தந்துடறேன்னாரு. எல்லாம் ஒண்ணுதான் பாப்பா."

"ஒண்ணில்லீங்க. அத்தை, காலையில எங்கப்பாகிட்ட என்ன கேட்டீங்க?"

அத்தை மூக்கை உறிஞ்சினார். "ஊடு தீந்துபோச்சு, கொஞ்சம் குடுங்கண்ணான்னேன். பொழுது சாயறதுக்குள்ள தாரேன்னாரு."

"இந்தாங்க, அந்த ஊடு!"

கூடையை அவர் கையில் வைத்தேன். தரகர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தெருவே சிரித்தது. வேலுசாமி மாமா மை விரலை அவசரமாகத் தம் வெள்ளை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.

"போங்க தரகரே! நூலைக் கேட்டா ஊட்டையே அளந்து வித்துடுவீங்க போல!"

"விலை இன்னும் ஏறும். அப்ப வாரேன்" என்று பத்திரத்தைச் சுருட்டினார் தரகர்.

"வாங்க. பாவு நீட்டியிருக்கும், பார்த்துக் குனிஞ்சு வாங்க!" என்றார் மாமா.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, தறிக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அப்பா நிமிரவில்லை.

"முத்தாயி, மாமாவுக்கு மோர் கொண்டா."

கொடுத்தேன். மாமா குடித்துவிட்டுப் போனதும் அப்பா கேட்டார்:

"பொழுது சாஞ்சிருச்சா?"

வெளியே எட்டிப் பார்த்தேன். "இன்னும் இல்லீங்கப்பா."

"அப்ப, சொன்ன நேரத்துக்கே ஊடு குடுத்தாச்சு" என்றார் அப்பா. நாடா மறுபடி ஓடத் தொடங்கியது.